கேமராவை அப்புறம் வாங்கலாம்

வாசகர் கேள்வி: எனக்கு 27 வயது. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தேன். மூன்று வருடமாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வீடியோ எடிட்டராக இருக்கிறேன். இயற்கை சார்ந்த ஆவணப்படங்கள் எடுப்பதுதான் ஆசை. நான் வளர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண் கொட்டி மூடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் படம் அதைப் பற்றித்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுத் திரைப்படக் கல்லூரியில் சேரலாமா, இல்லை சேமிப்பைப் போட்டு நல்ல கேமரா வாங்கிக் களத்தில் இறங்கலாமா? இதற்கிடையில் ஒரு ரசாயன நிறுவனம் தன்னுடைய மரம் நடும் திட்டத்தைப் படமாக்கித் தரச் சொல்லிக் கேட்கிறது. நல்ல பணம். செய்தால் பெயர் கெடுமா? இந்தத் தொழிலில் வாழ முடியுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாழலாம். ஆனால் தன் படங்களின் வருமானத்தில் மட்டும் வாழ்கிறவர்கள் என்று இந்த இருபது வருடத்தில் நான் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் பக்கத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. ஒருவர் அடுத்தவர் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறார். ஒருவர் பாடம் எடுக்கிறார். ஒருவர் மருத்துவமனைகளுக்குப் பயிற்சி வீடியோ செய்து கொடுக்கிறார். நான் பத்து வருடம் எடிட்டிங் செய்துதான் வாடகை கட்டினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சுற்றுச்சூழல் படம் முடிய மூன்று, நான்கு வருடம் ஆகும். பணம் வந்தால் அதில் ஒரு வருடத்துக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் கடைசி வருடத்தில். மீதி வருடங்களை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அதனால் வேலையை இப்போது விடாதீர்கள். நிலைமை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. ஆவணப்படத்தைப் பொறுத்தவரை திரைக்கதை எழுதப்படுவது எடிட்டிங் மேசையில்தான். களத்தில் எடுப்பது மூலப்பொருள். வட மாசிடோனியாவில் எடுக்கப்பட்ட 'ஹனிலேண்ட்' (2019) படத்தைப் பாருங்கள். தமாரா கோதேவ்ஸ்கா, லூபோமிர் ஸ்டெஃபனோவ் இருவரும் அந்தப் பகுதிக்குப் போனது ஓர் இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்துக்காகச் சின்னப் படம் ஒன்று எடுக்க. அங்கே பாறை இடுக்குகளில் தேனெடுக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தார்கள். மூன்று வருடம் அங்கேயே போய்வந்தார்கள். 400 மணி நேரத்துக்கு மேல் ஃபுட்டேஜ் சேர்ந்தது. அந்தப் பெண் பேசிய பழைய துருக்கி வழக்கு இயக்குநர்களுக்குப் புரியாது. பேச்சை நம்பாமல் படத்தை வைத்தே முதலில் கோத்துப் பார்த்தார்கள். வந்தது ஒன்றரை மணி நேரப் படம். 400 மணி நேரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதில் எது படம் என்று கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் நீங்கள் தினமும் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். விளம்பரத்துக்காக எடுத்தாலும் பயிற்சி பயிற்சிதான்.

இந்தத் துறைக்கு ஒரே வாசல் கிடையாது. ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி வட கனடாவில் கனிமம் தேடிப் போனவர். அங்கே எடுத்த படத்தின் நெகட்டிவில் 1916-இல் தன் சிகரெட் நெருப்பே விழுந்து சுமார் 30,000 அடி ஃபிலிம் எரிந்துபோனது. திரும்பவும் போய் எடுத்ததுதான் 1922-இல் வெளிவந்த 'நானூக்' என்ற ஆவணப்படம். இயற்கைத் தொடர்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ 1952-இல் பிபிசியில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். 1954-இல் அவர் தொடங்கிய தொடரோ உயிரியல் பூங்காவுக்காக விலங்குகளைப் பிடித்துவரும் பயணம்! இன்றைக்கு அதைச் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜெஃப் ஓர்லாவ்ஸ்கி மாணவராக இருந்தபோது, பனிப்பாறைகள் உருகுவதைப் பதிவு செய்யக் கிளம்பிய ஜேம்ஸ் பேலாக் என்ற புகைப்படக்காரருடன் 2007-இல் வீடியோ எடுத்துக்கொடுக்கத் தொற்றிக்கொண்டார். அந்த ஃபுட்டேஜ் 2012-இல் 'சேஸிங் ஐஸ்' என்ற முழுநீளப் படமானது. நம்மூர் இயற்கைப் பட இயக்குநர் சேகர் தத்தாத்ரி பள்ளிப் பருவத்தில் பாம்புப் பண்ணையில் தொண்டு செய்யப் போய், அங்கிருந்து புகைப்படம், அப்புறம் படம் என்று நகர்ந்தவர். யாரும் இயக்குநராக வேண்டும் என்று தொடங்கியதாகத் தெரியவில்லை. ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். அங்கே நிறைய நாள் இருந்தார்கள்.

திரைப்படக் கல்லூரி நல்லதுதான். அதில் கிடைக்கும் பெரிய லாபம் பத்து வருடம் கழித்தும் கூப்பிட்டால் வருகிற நண்பர்கள். அறிவியல் படித்தவர்களுக்கென்றே இயற்கைப் படக் கலையில் முதுகலைப் படிப்பு நடத்தும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் அப்படி ஒன்று. உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். கடன் தவணை கட்டுகிறவரால் ஒரு சதுப்பு நிலத்தில் மூன்று வருடம் காத்திருக்க முடியாது.

கேமரா அப்புறம். உங்கள் கையில் இருப்பதே போதும். தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் மைக், ஆட்டம் இல்லாத டிரைபாட், மூன்று ஹார்ட் டிஸ்க் என்ற வரிசையில் செய்யுங்கள். மூன்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். என் இரண்டாவது படத்தில் மிக முக்கியமான பேட்டி முழுக்கக் காற்றுச் சத்தம். மைக்குக்கு மேல் போடும் அந்தப் பஞ்சு உறையை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் ஊரை விட்டே போய்விட்டார், திரும்பப் பேட்டி எடுக்க முடியவில்லை.

சரி, சதுப்பு நிலத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். 'புவி வெப்பமாதல் பற்றிப் படம் எடுக்கப்போகிறேன்' என்று எழுதியிருந்தால் இரண்டு பத்தியில் பதிலை முடித்திருப்பேன். ஒரு குறிப்பிட்ட நிலம், கண்முன்னால் நடக்கிற ஒரு மாற்றம், அங்கே ஏற்கெனவே உங்களைத் தெரிந்த மனிதர்கள் என்று மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. வெளியூரிலிருந்து எவ்வளவு பெரிய கேமராவோடு ஒருவர் வந்தாலும் இவை கிடைக்காது.

மெதுவாக நடக்கும் மாற்றம்தான் சினிமாவுக்குப் பெரிய சிக்கல். தினமும் நாலு லாரி மண் விழுவதைப் படம் எடுத்தால் நாலு லாரிதான் தெரியும். நிலம் காணாமல் போவது தெரியாது. இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: நிலைப்புள்ளி. மேடான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, டிரைபாட் கால் நிற்கும் மூன்று புள்ளிகளிலும் கல் பதித்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே லென்ஸ், ஒரே உயரம், ஒரு நிமிடம். வெயில், மழை, மூடுபனி, எதுவானாலும் சரி. முதல் ஆறு மாதம் அலுப்பாக இருக்கும், பைத்தியக்காரத்தனமாகக்கூடத் தோன்றும். பதினெட்டு மாதம் கழித்து அவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

கூடவே பின்னோக்கியும் போகலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து பூமியைப் படம் எடுக்கின்றன. 2008 முதல் அந்தச் சேமிப்பு எல்லோருக்கும் இலவசம். 1980-களுக்குப் பிந்தைய படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். சின்னக் குட்டை தெரியாது, ஆனால் சதுப்பின் ஓரம் எந்தப் பக்கத்திலிருந்து சுருங்கியது என்பது தெரியும். நீங்கள் படித்த படிப்பு இங்கேதான் கைகொடுக்கும். நில ஆவணம், பழைய வரைபடம், நீர் மாதிரி அறிக்கை இவற்றையெல்லாம் பார்த்தவுடன் படித்துப் புரிந்துகொள்ளும் இயக்குநர்கள் மிகக் குறைவு.

ஒலியை மறந்துவிடாதீர்கள். தூரத்துப் பறவையை நீள லென்ஸில் பிடித்துவிடலாம், அதன் சத்தம் லென்ஸில் வராது. நீங்கள் ரசித்த பல இயற்கைப் படங்களில் இறகடிக்கும் ஓசையும் காலடியும் ஸ்டுடியோவில் செய்தவை. உங்களுக்கு அது வேண்டாம், ஏனென்றால் சதுப்பின் விடியற்காலைச் சத்தமே உங்களுக்குச் சாட்சி. தவளைகள் கத்தும் பருவத்தில் அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். அடுத்த வருடம் அதே வாரம், அதே இடத்தில் திரும்பப் பதிவு செய்யுங்கள்.

இனி மனிதர்கள். இதில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். என் முதல் படத்தில் ஒரு முதிய மீனவர். எட்டு மாதம் அவர் படகிலேயே கிடந்தேன். தண்ணீரில் கழிவு கலப்பது யார் என்று பெயரோடு சொன்னார். கேமரா ஓடுவது அவருக்குத் தெரியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் இருந்தது. ஆனால் 'இது உங்கள் ஊரிலேயே திரையில் ஓடும், நீங்கள் பெயர் சொன்ன ஆளும் பார்ப்பார்' என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. படம் வந்தபிறகு அவரிடம் மீன் வாங்குவதைச் சிலர் நிறுத்தினார்கள். எனக்கு அந்தப் படத்தால் அடுத்த படம் கிடைத்தது. அன்றிலிருந்து கையெழுத்தை ஒப்புதலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ரஃப் கட், அதாவது முதல் கோர்ப்பு, முடிந்ததும் படத்தில் வருகிறவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன். அவர்களுக்கு ஆபத்து தரும் பகுதியை, எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும், அவர்கள் கேட்டால் எடுத்துவிடுவேன். சக இயக்குநர்களில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் குற்றம் செய்தவருக்கும் இதே உரிமையைக் கொடுக்க முடியாது. கோட்டை எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு படத்திலும் புதிதாகத்தான் முடிவு செய்கிறேன்.

இன்னொன்று, காட்சியை உண்டாக்க ஆசை வரும். லாரி இன்று வரவில்லை என்றால் வரவழைக்கலாமா, பறவை பறக்கவில்லை என்றால் ஒரு கல்லை விட்டெறியலாமா என்று தோன்றும். லெம்மிங் என்ற எலி போன்ற சின்னப் பிராணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள் அல்லவா? 1958-இல் வெளிவந்து ஆஸ்கரும் வாங்கிய டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னெஸ்' படத்துக்கு அதில் பெரிய பங்குண்டு. அந்த வகை லெம்மிங்குகள் இயற்கையில் வாழாத கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, சுழல் மேடையில் ஓடவிட்டு, தண்ணீரில் தள்ளி எடுத்த காட்சி அது. பல வருடம் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. உங்கள் படத்துக்கு எதிராக நாளை ஒரு வக்கீல் நிற்கக்கூடும். ஒரே ஒரு காட்சி ஜோடித்தது என்று அவர் காட்டிவிட்டால் மீதி ஐம்பது நிமிடமும் போயிற்று.

ரசாயன நிறுவனத்தின் வேலையைப் பற்றி யோசித்து யோசித்து எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பணம் தேவை என்பது தெரிகிறது. பணம் கொடுத்தவர் சுத்தமானவராக இருக்க வேண்டும் என்று பார்த்தால் ஆவணப்பட வரலாற்றில் பாதி போய்விடும். 'நானூக்' படத்துக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற கம்பளித்தோல் வணிக நிறுவனம். அதே ஃபிளாஹெர்ட்டி 1948-இல் எடுத்த 'லூசியானா ஸ்டோரி'க்குப் பணம் ஸ்டாண்டர்ட் ஆயில் கொடுத்தது. சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு சிறுவன், அங்கே எண்ணெய் எடுக்க வரும் கோபுரம், இரண்டும் சினேகமாகிவிடும் கதை. நிறுவனத்தின் பெயரே படத்தில் வராது. அழகான படம், எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த அழகைத்தான் நிறுவனம் வாங்கியது என்பதையும் மறக்க முடியவில்லை.

சோப்பு விளம்பரம், ஹோட்டல் விளம்பரம், இயந்திரம் எப்படி ஓட்டுவது என்ற பயிற்சிப் படம், இவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். அங்கே நீங்கள் விற்பது உங்கள் கைவேலை. இந்த நிறுவனம் கேட்பது வேறு. ஆலையின் கழிவுக் குழாயைக் காட்டாமல் மரக்கன்றைக் காட்டுவதற்கு, இயற்கையை நேசிக்கிற ஒருவரின் கண்ணை வாடகைக்குக் கேட்கிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி: 'மரம் நடுவதோடு உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் எடுக்கிறேன், இறுதி வடிவம் என் முடிவு' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள், நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மறுத்தால் விட்டுவிடுங்கள். நாளைக்குச் சதுப்பு நிலப் படம் வரும்போது எதிர்த்தரப்பு முதலில் தேடுவது உங்கள் பழைய வேலைகளைத்தான்.

பணத்துக்கு வேறு வழிகள் உண்டு, மெதுவானவை. சன்டான்ஸ் நிறுவனத்தின் ஆவணப்பட நிதி, ஆம்ஸ்டர்டாம் இட்ஃபா விழாவை ஒட்டிய பெர்த்தா நிதி போன்றவை உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்களை வாங்குகின்றன. பெர்த்தா நிதி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் படங்களுக்கென்றே இருப்பது. இயற்கைப் படக்காரர்கள் ஒன்றுகூடும் இடங்கள் பிரிஸ்டலின் வைல்டுஸ்கிரீன், அமெரிக்காவின் ஜாக்சன் வைல்டு விழாக்கள். நானும் சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். 'சதுப்பு நிலங்கள் மிக முக்கியமானவை' என்று தொடங்கும் விண்ணப்பத்தை எல்லோரும் புரட்டிவிடுவோம். ஐந்து நிமிடக் காட்சித் தொகுப்பில் ஒரு மனிதர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தால், அவர் அதைச் செய்து முடித்தாரா என்று எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தால், பணம் அங்கே போகும். ஒரு வருடம் தொடர்ந்து எடுத்த நிலைப்புள்ளிக் காட்சிகளும் இருந்தால், இந்த ஆள் விட்டுவிட்டுப் போக மாட்டார் என்று நாங்கள் நம்புவோம். முதல் ஏழெட்டு நிராகரிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படம் யாருக்காக என்பதையும் இப்போதே யோசியுங்கள். லட்சம் பேர் பார்க்க வேண்டியதில்லை. சேகர் தத்தாத்ரி 2000-ஐ ஒட்டிப் பன்னாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் படம் எடுப்பதிலிருந்து விலகிப் பாதுகாப்புக்கான படங்களுக்குத் திரும்பினார். கர்நாடகத்தின் குதிரேமுக தேசியப் பூங்காவுக்குள் நடந்த இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் அவர் எடுத்தது ஒரு குறும்படம். 2002-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை மூடச் சொல்லி, 2005 முடிவு வரை அவகாசம் கொடுத்தது. படம் மட்டுமே இதைச் செய்யவில்லை. பல வருடம் வழக்கு நடத்தியவர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் படம் ஓர் ஆயுதமாக இருந்தது. மைக் பாண்டே என்ற இயற்கைப் பட இயக்குநர் குஜராத் கடலோரத்தில் திமிங்கலச் சுறா வேட்டையைப் படமாக்கினார், 2001-இல் இந்திய அரசு அந்த மீனை வனவிலங்குச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் சேர்த்தது. அங்கே பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். உங்கள் சதுப்பு நிலத்துக்காக ஏற்கெனவே மனு எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப் போங்கள். அவர் உங்கள் படத்தில் வர வேண்டும் என்றுகூட இல்லை.

மண் கொட்டுகிறவர்களுக்கு அதில் லாபம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் எச்சரிக்கை. தனியாகப் போகாதீர்கள். தனியார் இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டுப் பறக்கவிடுங்கள், அனுமதியில்லாத ஒரு ட்ரோனை வைத்தே உங்களை நிறுத்திவிட முடியும். அன்றன்று எடுத்ததை அன்றன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.

அடுத்த மூன்று வார விடுமுறை நாட்களில் கேமரா இல்லாமல் போங்கள். ஒரு நோட்டு போதும். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் நீர் இன்னும் நிற்கிறது, யார் உங்களைப் பார்த்து ஒதுங்குகிறார்கள், யார் வந்து பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். நான்காவது வாரம் நிலைப்புள்ளிக்குக் கல் பதியுங்கள். ஆறு மாதம் கழித்து நான்கு நிமிடம் கோத்துப் பாருங்கள். அதை முதலில் அங்கே இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இசை சேர்க்காமல்.